மூளைக் கட்டியின் புரதக் குறிப்பான்கள்: ஆய்வறிக்கையின் சில வரிகள் ஆயுளைப் பற்றி என்ன சொல்கின்றன?

மூளையில் வளர்ந்த கட்டியை அறுவைச் சிகிச்சையில் எடுத்த சில நாட்களுக்குப் பிறகு, நோயாளியின் குடும்பத்தாரிடம் ஓர் ஆய்வறிக்கை தரப்படுகிறது. கட்டியின் பெயருக்குக் கீழே ஐ.டி.எச்.1, ஏ.டி.ஆர்.எக்ஸ்., பி53, கி-67 என்று சில பெயர்களும், அவற்றுக்கு எதிரே ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’, ‘லாஸ்’ என்ற சொற்களோ ஒரு சதவீதக் கணக்கோ இருக்கும். நான் வடசென்னையில் உள்ள ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தண்டையார்பேட்டையிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் அறிக்கை வாங்க வருபவர்கள் அந்த வரிகளைக் காட்டிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், இதுல எவ்ளோ நாள்னு போட்டிருக்கா?” அறிக்கையில் நாள் கணக்கு எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் அந்த வரிகளுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. அது என்ன வகையான தொடர்பு என்பதைப் புரிந்துகொண்டால், சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசும்போது குடும்பத்தார் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

உடலின் ஒவ்வொரு செல்லும் ஆயிரக்கணக்கான புரதங்களைத் தயாரிக்கிறது. செல் புற்றாக மாறும்போது சில புரதங்கள் உருமாறுகின்றன, சில காணாமல் போகின்றன, சில அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. இப்படிப்பட்ட மாற்றங்களில் எவை நோயின் வகையையோ போக்கையோ நம்பகமாகக் காட்டுகின்றனவோ அவற்றையே புரதக் குறிப்பான்கள் என்கிறோம். எல்லா மாற்றமும் குறிப்பான் ஆகிவிடாது. பல நோயாளிகளிடம், பல ஆய்வுக்கூடங்களில், பல ஆண்டுகள் சோதித்த பிறகும் நிலைத்து நிற்பவற்றுக்கே அறிக்கையில் இடம் கிடைக்கிறது.

1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய காலத்தில், கட்டியின் தன்மையை அறிய மருத்துவர்களிடம் இருந்தது நுண்ணோக்கி மட்டுமே. செல்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, நடுவில் திசு அழிந்து கிடக்கிறதா, புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துள்ளனவா என்று பார்த்து ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்தார்கள்; நான்குதான் மிக மோசமானது. அந்த முறை இன்றும் அடிப்படையானதுதான். ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை இருந்தது. நுண்ணோக்கியில் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரிந்த இரண்டு கட்டிகளில், ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோவார், மற்றவர் ஐந்து, ஆறு ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். உண்மையில் அவை இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தவைதான் மூலக்கூறு அளவிலான குறிப்பான்கள்.

இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனெனில் முடிவின் நம்பகத்தன்மை இங்கேதான் தீர்மானமாகிறது. வெட்டி எடுத்த திசுவை உடனே பத்து சத ஃபார்மலின் கரைசலில் போட வேண்டும். திசுவின் அளவைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு கரைசல் இருக்க வேண்டும். வெளியில் உள்ள கூடத்துக்குத் திசு டப்பாவை உறவினரே எடுத்துச் செல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாலும், திசு போதிய ஃபார்மலினில் மூழ்கியிருந்தால் கெடுதல் இல்லை. வெறும் உப்புநீரிலோ துணியிலோ வைத்துக் கொடுத்திருந்தால் புரதங்கள் சிதையத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு நல்ல கூடமானாலும் சரியான பதிலைத் தர முடியாது. ஆகவே டப்பாவைக் கையில் வாங்கும்போதே “ஃபார்மலின் ஊற்றியிருக்கிறீர்களா?” என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

ஃபார்மலினில் பதப்பட்ட திசுவை மெழுகில் புதைத்து ஒரு மெழுகுத் துண்டாக்குகிறோம். இதைத்தான் ‘பிளாக்’ என்கிறோம். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிமனுள்ள சீவல்களை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஏற்றுகிறோம். தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, அந்தச் சீவலின்மீது இடுகிறோம். எதிர்ப்பொருள் ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் தோன்றும்படி அடுத்தடுத்த வினைகள் நடக்கின்றன. மற்ற செல்களின் உட்கருக்கள் நீலமாகத் தெரியும். அறிக்கையில் வரும் ‘ஐ.எச்.சி.’ என்ற மூன்று எழுத்துகள் இந்தப் பரிசோதனையையே குறிக்கின்றன.

குறிப்பான்களில் முதலிடம் ஐ.டி.எச்.1 என்பதற்குத்தான். இது செல்லின் ஆற்றல் உற்பத்தியோடு தொடர்புடைய ஒரு நொதி. அமெரிக்க ஆய்வாளர்கள், மூளைக் கட்டிகளில் மிகக் கொடிய வகைகளில் ஒன்றான கிளையோபிளாஸ்டோமா கட்டிகள் 22-இல் 20,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது, யாரும் எதிர்பாராத வகையில் இந்த நொதியின் மரபணுவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிறழ்வு இருப்பதை 2008-இல் கண்டார்கள். நொதியின் 132-ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். பெரும்பாலான பிறழ்வுகளில் அங்கே ஹிஸ்டிடின் உட்கார்ந்துவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தால் நொதி தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு, 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேறொரு பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அந்தப் பொருள் செல்லுக்குள் குவிந்து, மரபணுக்கள் இயங்குவதையும் அடங்குவதையும் குழப்பி, செல் முதிர்ச்சியடைவதைத் தடுத்துக் கட்டிக்கு வழிவிடுகிறது.

இப்படிப் புற்றுக்கு வித்திடும் பிறழ்வு, இருந்தால் நல்லது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். அந்தப் பிறழ்வோடு பிறக்கும் கட்டிகள், அது இல்லாத கட்டிகளைவிட மெதுவாக வளர்கின்றன. கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாகப் பணிகின்றன. 2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அன்றைய வரையறைப்படி கிளையோபிளாஸ்டோமா என்று அழைக்கப்பட்ட கட்டியுள்ளவர்களில் பிறழ்வு உடையவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் கூடுதலாகவும் வாழ்ந்த காலம்) 31 மாதங்கள்; பிறழ்வு இல்லாதவர்களுக்கு 15 மாதங்கள். மூன்றாம் தர ஆஸ்ட்ரோசைட்டோமாவில் (மூளையின் நட்சத்திர வடிவத் துணைச் செல்களை ஒத்த கட்டி) அந்த வித்தியாசம் 65 மாதங்கள், 20 மாதங்கள் என இன்னும் பெரிதாக இருந்தது. எனவே அறிக்கையில் ‘ஐ.டி.எச்.1 பாசிட்டிவ்’ என்று இருந்தால் கலங்க வேண்டியதில்லை. இருக்கும் நோய்களில் சற்று மெதுவான ஒன்று வந்திருக்கிறது என்பதே அதன் பொருள். காசநோய், கோவிட் பரிசோதனைகளைப் பார்த்துப் பழகிய நம் மக்கள் அந்தச் சொல்லைக் கண்டதும் அழுதுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உருமாறிய அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட பிறகு, விலையுயர்ந்த மரபணுச் சோதனை இல்லாமலேயே சாதாரணக் கூடங்களிலும் இதைக் கண்டறிய முடிந்தது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. அந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பிறழ்வுகளையே பிடிக்கிறது. அதே இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்திருந்தாலோ, ஐ.டி.எச்.2 என்ற இன்னொரு நொதியில் பிறழ்வு இருந்தாலோ நிறம் ஏறாது. 55 வயதைக் கடந்தவருக்குத் தெளிவான கிளையோபிளாஸ்டோமா தோற்றமும் நெகட்டிவ் முடிவும் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். முப்பது, நாற்பது வயதில் இருப்பவருக்கு நெகட்டிவ் என்று வந்தால், மரபணு வரிசைச் சோதனை செய்யாமல் அந்த முடிவை இறுதியாகக் கொள்ளக் கூடாது. இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கண்டுபிடிப்பின் எடை எவ்வளவு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் காணலாம். ஐ.டி.எச். பிறழ்வு உள்ள கட்டியை, நுண்ணோக்கியில் எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும், இனி கிளையோபிளாஸ்டோமா என்று அழைப்பதில்லை. அது நான்காம் தர ஆஸ்ட்ரோசைட்டோமா எனப்படுகிறது. ஆகவே 2021-க்கு முன்பு வாங்கிய பழைய அறிக்கையையும் இப்போதைய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நோய் வேறாகிவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. பெயர் சூட்டும் முறையே மாறியிருக்கிறது.

ஏ.டி.ஆர்.எக்ஸ். என்பது நிறம் காணாமல் போவதை வைத்து அறியப்படும் குறிப்பான். நலமான செல்லின் உட்கருவில் இந்தப் புரதம் இருக்கும், ஐ.டி.எச். பிறழ்வுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமாவில் பெரும்பாலும் இருக்காது. அறிக்கையில் ‘லாஸ்’ என்று எழுதுவது இதைத்தான். கட்டியின் செல்கள் நிறமற்று இருக்கும்போது, அதே சீவலில் உள்ள இரத்தக் குழாய்ச் செல்கள் பழுப்பாகத் தெரிய வேண்டும். அவையும் நிறமற்று இருந்தால் புரதம் இல்லை என்று பொருளல்ல, பரிசோதனையே சரியாக நடக்கவில்லை என்று பொருள். சீவலை மறுபடியும் எடுத்துச் செய்ய வேண்டும். ஐ.டி.எச். பிறழ்வும் இருந்து ஏ.டி.ஆர்.எக்ஸ். புரதமும் இழக்கப்படாமல் இருந்தால், ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்ற வேறொரு வகைக் கட்டியாக இருக்கலாம் என்று சந்தேகித்து, ஒன்று, பத்தொன்பது ஆகிய குரோமோசோம்களின் பகுதிகள் சேர்ந்தே இழக்கப்பட்டுள்ளனவா என்று தனிச் சோதனை செய்வார்கள். அப்படி இழக்கப்பட்டிருந்தால், பெரியவர்களுக்கு வரும், சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் பரவும் கிளையோமாக்களில் (மூளையின் துணைச் செல்களை ஒத்த கட்டிகளில்) மிக நீண்ட ஆயுளைத் தரும் வகை அதுவே. பி53 என்ற புரதத்தின் நிறமும் ஆஸ்ட்ரோசைட்டோமாவை உறுதிசெய்யத் துணைபுரிகிறது. தனியாக ஆயுளைக் கணிக்க அது போதாது.

கி-67 பற்றி மக்களிடம் இருக்கும் அச்சம் அதன் தகுதிக்கு மிஞ்சியது. இந்தப் புரதம் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் மட்டும் தென்படும். ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1980-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டதால் அந்நகரின் பெயரும், ஆய்வுத் தட்டில் இருந்த குழியின் எண்ணும் சேர்ந்து இதற்குப் பெயரானது. நூறு செல்களில் இருபது பழுப்பாக இருந்தால் 20 சதவீதம். எண் உயர்ந்தால் கட்டி வேகமாக வளர்கிறது என்பது பொதுவாக உண்மை. ஆனால் ஒரே கட்டியின் ஒரு மூலையில் 8 சதவீதமும் இன்னொரு மூலையில் 25 சதவீதமும் இருக்கக்கூடும். எந்தப் பகுதியை எண்ணுவது என்பதில் ஒரு கூடத்துக்கும் இன்னொரு கூடத்துக்கும் வேறுபாடு வரும். இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் இந்தத் தரம், மேலே இருந்தால் அந்தத் தரம் என்ற எல்லைக்கோடு கிளையோமாக்களுக்கு வரையறுக்கப்படவில்லை. பக்கத்து வார்டு நோயாளியின் சதவீதத்தோடு தம்முடையதை ஒப்பிட்டு ஆறுதலோ அச்சமோ கொள்வது வீண்.

குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் மூளைத்தண்டு போன்ற நடுப்பகுதிகளில் வரும் ஒருவகைக் கட்டியில், மரபணு இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதம் உருமாறியிருக்கும். ‘எச்3 கே27எம்’ என்று எழுதப்படும் இந்தக் குறிப்பான் பாசிட்டிவாக இருப்பது, ஐ.டி.எச்.1 போலன்றி, கடுமையான செய்திதான். மூளைத்தண்டில் உள்ளபோது இடைநிலை ஆயுட்காலம் ஏறத்தாழ ஓராண்டைத் தாண்டுவதில்லை. இதை மென்று முழுங்கிச் சொல்வதால் பெற்றோருக்கு நன்மை எதுவுமில்லை.

இனி எம்.ஜி.எம்.டி. என்பதற்கு வருவோம். புரதக் குறிப்பான்களைப் பற்றிப் படிப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. டெமோசோலோமைடு என்ற மாத்திரை புற்றுச் செல்லின் மரபணு இழையைச் சேதப்படுத்திக் கொல்கிறது. எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அந்தச் சேதத்தைப் பழுதுபார்த்துச் செல்லைக் காப்பாற்றிவிடுகிறது. அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிக்கூறு ஏறியிருந்தால் மரபணு அடங்கிவிடும்; புரதம் உருவாகாது; மருந்து நன்றாக வேலை செய்யும். 2005-இல் வெளியான ஆய்வில், மெத்தில் ஏற்றம் உள்ளவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றபோது இடைநிலை ஆயுட்காலம் 15.3 மாதங்கள், மாத்திரையும் சேர்த்துப் பெற்றபோது 21.7 மாதங்கள். மெத்தில் ஏற்றம் இல்லாதவர்களுக்கு அதே எண்கள் 11.8, 12.7. மாத்திரையால் கிடைத்த பலன் பெரும்பாலும் முதல் குழுவினருக்கே போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் எம்.ஜி.எம்.டி. புரதத்தையே பழுப்பு நிறமேற்றிப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஆய்வாளர்களும் முயன்றார்கள், அது நம்பகமாக அமையவில்லை. கட்டிக்குள் புற்றுச் செல்கள் மட்டும் இருப்பதில்லை. இரத்தக் குழாய்ச் செல்கள், நோயெதிர்ப்புச் செல்கள் ஆகியவையும் கலந்திருக்கின்றன. அவையெல்லாம் இந்தப் புரதத்தை வைத்திருக்கின்றன. எது யாருடைய நிறம் என்று பிரிப்பதில் தேர்ந்த மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுகிறது. அதனால்தான் இதற்கு மட்டும் புரதத்தை விட்டுவிட்டு மரபணுவில் மெத்தில் ஏற்றத்தைச் சோதிக்கிறோம். புரதம்தான் வேலையைச் செய்கிறது என்றாலும், அதை அளப்பதே சிறந்த குறிப்பான் ஆகிவிடாது.

எம்.ஜி.எம்.டி. இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக்குகிறது. எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் நோய் பொதுவாக எப்படிப் போகும் என்று காட்டும் குறிப்பான் ஒரு வகை. குறிப்பிட்ட மருந்து இவருக்குப் பலிக்குமா என்று காட்டும் குறிப்பான் மற்றொரு வகை. ஐ.டி.எச்.1 நெடுங்காலம் முதல் வகையாகவே இருந்தது. உருமாறிய அந்த நொதியையே தடுக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் மாதம் ஒப்புதல் கிடைத்த பிறகு, இரண்டாம் தரக் கட்டிகளில் அது இரண்டாம் வகையாகவும் ஆகிவிட்டது. அந்த மாத்திரை பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வளராத இடைநிலைக் காலம் 27.7 மாதங்கள், பெறாதவர்களுக்கு 11.1 மாதங்கள்.

மேலே திரும்பத் திரும்ப வந்த ‘இடைநிலை’ என்பதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். பதினொரு நோயாளிகளை அவர்கள் வாழ்ந்த காலத்தின்படி வரிசையாக நிறுத்தினால், ஆறாவது ஆளின் காலமே இடைநிலை. அவருக்கு முன்னால் ஐந்து பேர், பின்னால் ஐந்து பேர். பின்னால் நிற்பவர்களில் கடைசி ஆள் பத்தாண்டு வாழ்ந்தாலும் இடைநிலை எண் மாறாது. 573 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளைக் கொண்டு நடந்த, 2005-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 14.6 மாதங்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதங்கள். இரண்டரை மாத வித்தியாசம்தானா என்று மனம் சோரும். ஆனால் இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் முதல் குழுவில் 26.5 சதவீதம், இரண்டாம் குழுவில் 10.4 சதவீதம். ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் ஏறத்தாழ பத்து சதவீதமும் இரண்டு சதவீதமும். குறிப்பான்கள் ஒருவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று சொல்கின்றன; அந்த வரிசையில் அவர் எத்தனையாவது ஆள் என்பதைச் சொல்வதில்லை. அதை ஓரளவு ஊகிக்க வயது, அறுவையில் எவ்வளவு கட்டி எடுக்கப்பட்டது, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பவற்றையும் சேர்த்தே மருத்துவர் எடைபோடுகிறார்.

செய்தித்தாள்களில் அவ்வப்போது “மூளைப் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கணிக்கும் புதிய புரதங்கள்” என்று வருகிறதே, அவற்றை எப்படிப் படிப்பது? இப்போது ஒரே கட்டியில் பத்தாயிரம் புரதங்களை ஒருசேர அளக்கும் கருவிகள் உள்ளன. அவற்றில் எவை நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம் கூடுதலாக இருந்தன என்று கணினியில் தேடுகிறார்கள். ஆனால் நூற்றுக்கு ஐந்து தற்செயலாகப் பொருந்தலாம் என்ற வழக்கமான அளவுகோலை அப்படியே வைத்தால், பத்தாயிரத்தில் ஐந்நூறு புரதங்கள் எந்தத் தொடர்பும் இல்லாமலேயே தொடர்புள்ளவை போலத் தோன்றும். நோயாளிகள் நூறு பேர்கூட இல்லாத ஆய்வில் இந்த ஆபத்து மிக அதிகம். ஆகவே வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், முதல் ஆய்வில் சேராத நோயாளிகளிடமும் அதே முடிவு வந்ததா என்று மட்டும் கேளுங்கள். வரவில்லை என்றால் அது ஆய்வாளர்களுக்கான செய்தி, நோயாளிக்கானது அல்ல. இரத்தத்தில் புரதத்தை அளந்து மூளைக் கட்டியின் போக்கை அறியும் முயற்சிகளும் நடக்கின்றன. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பு, கட்டியின் புரதங்கள் வெளியே கசிவதைக் குறைத்துவிடுவதால் அது எளிதாக இல்லை. இரத்தப் பரிசோதனை மட்டும் செய்து மூளைப் புற்றின் ஆயுளைச் சொல்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திலோ கதிர்வீச்சுக்காக, நம் பக்கத்து வழக்கில் ‘கரண்ட்’ வைக்க, போகிறவர்கள் அறிக்கையை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது. முதலில் பரிசோதித்த கூடத்திலிருந்து மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். எம்.ஜி.எம்.டி. சோதனையோ மரபணு வரிசைச் சோதனையோ தேவைப்பட்டால் அந்த பிளாக்கிலிருந்தே செய்துவிடலாம். மறுபடி தலையைத் திறக்க வேண்டியதில்லை. பிளாக்கை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்து மே மாத வெயிலில் நிறுத்தாதீர்கள், மெழுகு இளகிவிடும். சோதனை முடிந்ததும் மிச்சமுள்ள பிளாக்கைத் திரும்பப் பெற்று, மின்விசிறிக் காற்றுப் படும் அறையில் காகித உறையில் பெயரும் கூடத்தின் எண்ணும் எழுதி வைத்திருங்கள். நோய் திரும்பினாலோ புதிய மருந்து வந்தாலோ முதல் கேள்வி அந்த பிளாக் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.